ரிட்டன் அக்கா எடுத்த புத்தகம்

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் படிக்க வருகிறவர்களைவிட ஒதுங்க வருகிறவர்கள்தான் அதிகம். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, யாரும் கேட்காமலேயே "ஒரு ரெஃபரன்ஸ் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, பத்திரிகைப் பகுதியில் மின்விசிறிக்குக் கீழே போய் நின்று தலையைத் துவட்டுவார்கள். நாங்களும் கண்டுகொள்வதில்லை. யாராவது வந்தால் சரி என்கிற நிலைமைக்கு நூலகங்கள் வந்து நாளாகிறது.

வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் புத்தகம் கொடுக்கும் இடம், எங்கள் பாஷையில் 'இஷ்யூ'. அங்கே நான். வலது பக்கம் திரும்ப வாங்கும் இடம். அங்கே அக்கா. அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ரிட்டன் அக்கா. பல வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறாள். புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் கவிழ்த்து ஒரு உதறு. பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, தலைமுடி, ஒரு தடவை காய்ந்துபோன ரொட்டித் துண்டு, எல்லாம் விழும். பிறகு முதுகை அழுத்திப் பார்ப்பாள். பிறகு கட்டை விரலால் பக்கங்களை விசிறிவிட்டு, கிழிசல் இருக்கிறதா என்று காதாலேயே கண்டுபிடிப்பாள். எனக்கு இன்றுவரை அந்த வித்தை வரவில்லை.

மழை நாளில் வேலை இரட்டிப்பு. நனைந்து வருகிற புத்தகத்தை வெயிலில் வைக்கக் கூடாது, தாள் முறுக்கிக்கொள்ளும். சில பக்கங்களுக்கு ஒன்றாக உறிஞ்சு தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் நிற்கவைத்து, தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். முன்னெல்லாம் புத்தகத்தை நனைத்துக்கொண்டு வருகிறவனை அக்கா சும்மா விட்டதே இல்லை. "நீ மட்டும் குடைக்குள்ள வந்து, இத வெளில நடக்க விட்டியா?" என்று ஆரம்பித்தால், அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவரை நிறுத்தமாட்டாள். இந்த மழைக்கு அவள் ஒருவரையும் ஒரு சொல் சொல்லவில்லை. நனைந்ததை வாங்கி, "சரிப்பா, போ" என்பாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

காரணம் நூலகத்தில் தெரியாதவர் கிடையாது. அவளுக்கு ஒரே மகன். இங்கேயே படித்தவன், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் படுத்துக் கிடந்தான். போன மழைக்காலத்தில், அக்கா காலை ஷிஃப்டுக்கு வந்திருந்த ஒரு நாளில், பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான். எங்கேயோ ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான் என்று மட்டும் தெரியும். அப்பா போன் செய்தால் எடுக்கிறான். அம்மா செய்தால் எடுப்பதில்லை. இந்த மழையும் வந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை.

மத்தியானம் பின்னறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் இந்தப் பேச்சுதான் வரும்.

"எந்நேரமும் மல்லுக்கு நின்ன மனுஷன்கிட்ட பேசறான்டி. என்கிட்ட பேசறதுக்கு என்ன? நான் அவனுக்கு என்ன பண்ணேன்?"

"மாமா என்ன சொல்றாரு?"

"அவரா? 'நல்லா இருக்கான்.' அதோட சரி. எந்த ஊரு? 'சொல்ல மாட்டேங்கறான்.' என்ன சாப்பிடறான்? 'கேக்கல.' என்கிட்ட ஏன் பேசல? 'தெரியல.' இதுக்கு எதுக்கு ஒரு போனு, அதுக்கு எதுக்கு மாசாமாசம் காசு?"

"ஒரு தடவ அவர் போன்லேந்தே நீங்க பேசிப் பாருங்களேன்."

"பேசலயா? என் குரலக் கேட்டதும் வெச்சிட்டான். அப்புறம் அவர் தனியாப் போய்த்தான் பேசறார். மொட்டமாடிக்கு." முட்டையைப் பிட்டவள் வாயில் போடாமல் டப்பாவிலேயே வைத்தாள். "எனக்குத் தெரியும். அது அந்தத் துண்டுதான்."

துண்டு விஷயம் எனக்கு மனப்பாடம். அவன் போனதற்கு முந்தின நாள் குளித்துவிட்டு ஈரத் துண்டை மெத்தை மேல் போட்டுவிட்டான். அக்கா வேலை முடிந்து களைத்து வந்தவள் அதைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

"'இந்த வீட்ல எல்லாத்தையும் பொறுக்கி எடுக்க நான் ஒருத்தி பொறந்திருக்கேன்'னு சொல்லிட்டேன். அவன் ஒண்ணும் பேசல. எழுந்து துண்ட எடுத்துக் கொடியில போட்டான். போட்டுட்டு என்னப் பாத்தான் பாரு ஒரு பார்வ."

"யக்கா, துண்டுக்கு ஒருத்தன் வீட்ட விட்டுப் போவானா? அப்படிப் பாத்தா எங்க வீட்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க."

"துண்டுக்குப் போகலடி. நான் சொன்ன விதத்துக்குப் போனான்."

ஒரு தாய் தன் மேல் பழியைப் போட்டுக்கொள்வது என்று முடிவுகட்டிவிட்டால், பிரம்மாவே வந்தாலும் அதை இறக்கிவைக்க முடியாது. நான் டப்பாவைக் கழுவப் போய்விடுவேன்.

அவள் வீட்டுக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவை அக்கா என்று கூப்பிடுவதால் அவர் எனக்கு மாமா. ரயில் ஓட்டியவர், ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம். அவர் பேசிக் கேட்பது அபூர்வம். "ரெண்டு வார்த்த வரணும்னா தூங்க வைக்கணும். அதுவும் 'பச்ச', 'மஞ்ச'ன்னுதான் வரும்" என்பாள் அக்கா. ரயில் எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்களாம். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். காலமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி அவருக்குப் பேச்சே தீர்ந்துபோய்விட்டது என்று நாங்கள் கேலி செய்வோம்.

இப்படி இருக்கும்போதுதான் சத்தம் மேடம் நூலக வாரம் அறிவித்தார். சத்தம் மேடம் என்பது எங்கள் தலைமை நூலகர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேயே நின்று மூன்றாம் மாடிக்குக் கேட்கப் பேசுவார். நல்ல மனுஷி, தொண்டைதான் பெரிசு. இந்த வருஷம் தலைப்பு 'பயணம்'. முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் பழைய வரைபடங்கள், கப்பல் படங்கள், மஞ்சளாகிப்போன ரயில் கால அட்டவணைகள். முதல் நாள் மாலை ஒரு ஆவணப்படம் போட்டோம். பார்த்தவர்கள் இரண்டு காவலாளிகளும் நாங்களும். அதில் ஒரு காவலாளி தூங்கிவிட்டார்.

"அடுத்தது ஃபெயிலாகக் கூடாது!" என்று கத்தினார் மேடம். அடுத்தது மனிதப் புத்தகம்.

அது வேறொன்றுமில்லை. புத்தகத்துக்குப் பதிலாக ஆளை இரவல் எடுப்பது. வாழ்க்கையில் ஏதாவது பார்த்தவர் ஒருவர் ஒரு அறையில் உட்கார்ந்திருப்பார். வாசகர் அட்டையைக் காட்டி, இருபது நிமிஷம் அவர் எதிரே உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் உள்ளதைச் சொல்ல வேண்டும், இல்லை 'அது வேண்டாம்' என்று சொல்லிவிட வேண்டும். கதை கட்டக் கூடாது. மேடம் சும்மா இருப்பாரா? ஒவ்வொரு ஆளுக்கும் தலைப்பு, எண் போட்டு, நிஜப் புத்தகம் மாதிரியே அட்டவணையில் ஏற்றிவிட்டார். ஒரு செவிலி, பார்வை இல்லாத ஒரு இசை ஆசிரியர், சர்க்கஸில் கம்பி மேல் நடந்த ஒருவர். சர்க்கஸ்காரருக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது.

"ஒரு ஆள் கொறையுதே! போஸ்டர்ல மூணுன்னு போட்டாச்சே!"

அக்கா புத்தகத்தை உதறிக்கொண்டே நிமிராமல் சொன்னாள். "எங்க வீட்ல ஒண்ணு சும்மா கெடக்கு மேடம். ரயில் ஓட்டினது. வேணும்னா எடுத்துக்குங்க."

எல்லாரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை, உடனே தலைப்பைத் தட்டச்சு செய்யச் சொன்னார். பின்னறையில் அக்காவைக் கேட்டேன்.

"நெஜமாவா? மாமாவா? பேசுவாரா?"

"பேசட்டுமே. பசங்க புடுங்கி எடுப்பாங்க. வாய் தொறந்து பழகினா மிச்சம் மீதி வீட்டுக்கு வருமான்னு பாக்கறேன்" என்றாள். அவள் குரலில் கேலி இருந்தது. முகத்தில் இல்லை.

மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். கையில் ஒரு உறை, அதில் மடித்த சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். "வேலைல வெச்சிருந்தது. கண்காட்சிக்கு ஆகும்னா வெச்சுக்குங்க." மேடம் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்துவைத்து, கீழே பெயர்ச்சீட்டும் ஒட்டிவிட்டார். மாமா அந்தப் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவர் கூச்சப்படுகிறாரா சந்தோஷப்படுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

குழுவாகப் படிக்கிற அறைகள் மூன்றை இதற்கு ஒதுக்கியிருந்தோம். சுவர் கண்ணாடி, கதவு திறந்தே இருக்க வேண்டும், வாசலில் ஒரு ஊழியர் மணியோடு உட்கார வேண்டும். மாமாவின் வாசலில் என்னைப் போட்டார்கள். உள்ளே பேசியது உள்ளேயே இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அது புத்தகம் எடுத்தவருக்குத்தான், மணி அடிக்கிறவளுக்கு இல்லை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையை யார் சொல்வது?

முதலில் வந்த பையன், "அங்கிள், ரயில் ஓட்டறது ஈஸியா?" என்று கேட்டான். மாமா சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள். பனியில் ஒன்றும் தெரியாமல் ஓட்டியது, எஞ்சினுக்குள் கோழிக்குஞ்சு ஏறிக்கொண்டு ஐந்து ஸ்டேஷன் வந்தது, தண்டவாளத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டும் நிறுத்த முடியாமல் போனது. "பிரேக்க முழுசாப் போட்டாச்சு தம்பி. போட்டப்புறமும் வண்டி போயிட்டே இருக்கும். அந்த நேரத்துல நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. பாத்துக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்." அந்தப் பையன் வெளியே வரும்போது என்னிடம் அட்டையை வாங்கவே மறந்துவிட்டுப் போனான்.

மறுநாளும் அவரை வைக்க வேண்டும் என்று கேட்டு மாணவர்கள் மேடத்தைப் பிடுங்கினார்கள். செவிலிக்கும் இசை ஆசிரியருக்கும் இடம் காலியாக இருந்தது, மாமாவுக்கு வரிசை. அக்கா தன் நாற்காலியிலிருந்து கண்ணாடி வழியே எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது என் கையைப் பிடித்தாள்.

"கைய ஆட்டி ஆட்டிப் பேசறாரு பாத்தியா?"

"நல்லாப் பேசறாருக்கா. சிரிக்க வைக்கறாரு, அழ வைக்கறாரு."

"அப்படியா?" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு தண்டவாளத்துல நின்னத சொன்னாரா?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"வேற ஒருத்தர் சொல்லித் தெரியும். அன்னிக்கு ராத்திரி வந்து சாப்பிட்டுப் படுத்துட்டாரு. சோறு கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறெரியவும் செய்தது. இரண்டும் ஒரே முகத்தில் தெரிந்தது. அன்று மாலை இருவரும் ஒரே குடையில் வீட்டுக்குப் போனார்கள். பசங்களிடம் என்ன பேசினீர்கள் என்று வழியில் அவள் கேட்டாளாம். "ரயிலப் பத்திதான்" என்றாராம். அதோடு வீடு வந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே நல்ல மழை. உளவியல் படிக்கிற பெண் ஒருத்தி, பெரிய கண்ணாடி போட்டவள், நனைந்த புத்தகம் ஒன்றைத் திருப்பித்தர வந்தாள். திட்டு விழும் என்று நினைத்தாளோ என்னவோ, பேச்சை மாற்றுகிறவளைப் போல அக்காவிடம் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தாள். அக்கா யார் என்று அவளுக்குத் தெரியாது.

"ரிட்டன் அக்கா, நீங்க அந்த ரயில் அங்கிள எடுத்தீங்களா? எடுத்துடுங்க. நேத்து கடைசி ஆள் நான்தான். எங்க அப்பா என்கிட்ட பேசறதே இல்லன்னு சும்மா சொன்னேன். சொன்னதும் அவர் கண்ணுல தண்ணி வந்துருச்சுக்கா."

அக்கா உறிஞ்சு தாளைச் செருகிக்கொண்டிருந்தாள். "ஏன்?"

"அவருக்கு ஒரு பையனாம். அவன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டாராம். ஒரே ஒரு பொய்யி. அதுல அவன் வீட்ட விட்டே போயிட்டானாம். அத எப்படித் திரும்ப எடுக்கறதுன்னு தெரியல, அவன் அம்மா முகத்தப் பாக்க முடியலன்னு சொன்னாரு."

"என்ன பொய்?"

"அது தெரியலயே. மணி அடிச்சிட்டாங்க."

மணி அடித்தவள் நான்தான். அந்தக் கடைசி நேரத்தில் மேடம் கூப்பிட்டார் என்று எழுந்து போய்விட்டு, திரும்பி வந்ததும் அடித்தேன். நடுவில் பேசியது என் காதில் விழவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணிடம் "சரிம்மா, போ" என்றாள். பெண் போனதும் ஈரப் புத்தகத்தை அப்படியே மூடி வைத்தாள். அவள் அப்படி மூடி நான் பார்த்ததே கிடையாது, ஈரத்தில் மூடினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். நான்தான் எடுத்துத் திறந்து விசிறியில் வைத்தேன்.

"யக்கா, வீட்டுக்குப் போய் நிதானமாக் கேளுங்க."

"வீட்லயா? வருஷம் பூரா கேட்டாச்சு. 'தெரியல'ங்கறாரு. கண்ணப் பாத்து 'தெரியல'ங்கறாரு." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இங்கதான உள்ளதச் சொல்லணும்னு விதி போட்டிருக்கீங்க? எனக்கு ஒரு நேரம் போடு."

"எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா. பதினோரு மணிக்கு மேல அரை மணிக்கு ஒருத்தர் பதிஞ்சிருக்காங்க."

"மொத நேரம் யாரு?"

பார்த்தேன். யாரோ ஒரு பொறியியல் பையன். அக்கா படிப்பறைக்குப் போய் அவனைத் தேடிப்பிடித்து, அவன் கட்ட வேண்டிய தாமதக் கட்டணம் ஒன்றைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவன் இடத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். இதற்குள் விஷயம் மேடம் காதுக்குப் போய், அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர்தானே! பசங்களுக்கு விடக் கூடாதா? நீ வீட்ல போய் எடுத்துக்கோயேன்!"

"வீட்ல இஷ்யூ ஆக மாட்டேங்குது மேடம்" என்றாள் அக்கா.

மேடம் சிரிக்க வாயெடுத்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசியது எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக இருந்தது. "போம்மா. நான் உன் இடத்துல உக்காந்துக்கறேன்" என்றாராம்.

மாமா உள்ளே மேஜைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பேனா, தலையில் எண்ணெய். அக்கா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், "என்ன, டப்பாவ மறந்துட்டேனா?" என்று கேட்டார்.

அக்கா அட்டையை மேஜைமேல் வைத்தாள். "எடுத்திருக்கேன்."

"என்னது?"

"உங்கள. இருபது நிமிஷம்."

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், நான் குனிந்துகொண்டேன். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பையன்களிடம் தொடங்குகிற மாதிரியே, "ரயில் வேலைன்னா மொதல்ல நேரம்..." என்று ஆரம்பித்தார்.

"அது பசங்களுக்கு. நேத்து கண்ணாடி போட்ட பொண்ணுகிட்ட பாதில விட்டீங்களே, அத சொல்லுங்க."

மாமா சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, திரும்பவும் செருகினார். மழைத் தண்ணீர் கூரைக் குழாயில் இறங்குகிற சத்தம் கேட்டது.

"அது வேண்டாம்" என்றார்.

"வேண்டாம்னு சொல்ல விதி இருக்கு, தெரியும். சொல்லுங்க. வேண்டாம்னே சொல்லிட்டு இருங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன். இன்னிக்கு உக்காந்திருக்கேன், நாளைக்கு உக்காந்திருக்கேன். என் புள்ள என்கிட்ட ஏன் பேசலன்னு ஊர்ப் பொண்ணுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா?"

மாமா மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் பையன்களிடம் பேசிய குரல் இல்லை.

"அன்னிக்குக் காலைல நீ கெளம்பிப் போயிட்ட. பத்து மணிக்கும் படுத்திருந்தான். எழுந்திருடான்னேன். எழுந்திருக்கல. நான் ரிட்டயராகி வீட்ல உக்காந்தது அப்பத்தான. எனக்கும் வேல இல்ல, அவனுக்கும் வேல இல்ல. ரெண்டு பேர் ஒரே வீட்டுக்குள்ள. பேச்சு தடிச்சுப் போச்சு. 'வெளில போடா'ன்னுட்டேன். 'நீங்க சொன்னா போக மாட்டேன், அம்மா சொல்லட்டும்'னான்."

"ம்."

"'அவதான்டா சொல்லச் சொன்னா'ன்னேன்."

அக்கா மேஜைமேல் இருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"'உன் மூஞ்சில முழிக்கப் பிடிக்காமத்தான் சீக்கிரமே வேலைக்குப் போறா. அவளுக்குச் சொல்ல வாய் வரல, என்னச் சொல்லச் சொன்னா'ன்னு சொன்னேன். ஒரு வேகத்துல வந்துருச்சு. அவன் ஒண்ணுமே பேசல. பைய எடுத்துக்கிட்டான். சாயங்காலம் வந்துருவான்னு நெனச்சேன். நீ வர்றதுக்குள்ள வந்துருவான்னு."

"நான் துண்டுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் அக்கா. "உங்களுக்குத் தெரியும்ல? நான் துண்டச் சொல்லிச் சொல்லி அழுதப்பல்லாம் பக்கத்துலதான இருந்தீங்க? தண்ணி கொண்டாந்து குடுத்தீங்களே!"

அவர் தலையாட்டினார். எனக்கு அந்த மனுஷரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அதே சமயம் அவர் காதோரம் நரைத்த முடியைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பாவப்பட்டதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"போன எடுங்க."

"இங்க போன் பேசக் கூடாதுன்னு..."

"எடுங்க."

எங்கள் நூலகத்தில் வேறு எந்த விதி போனாலும் அந்த விதி போகாது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எண்ணைத் தேடி அழுத்தினார். அக்கா எட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லுங்கப்பா. வேலைல இருக்கேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் அக்கா இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போனுக்குள் ஏதோ வண்டி பின்பக்கமாக நகரும்போது கத்துகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"ஒண்ணு சொல்லணும்டா" என்றார் மாமா. "அன்னிக்கு... அம்மா சொல்லல."

"எத?"

"உன்னப் போகச் சொன்னத. அவ சொல்லலடா. நானாச் சொன்னேன். அவளுக்கு இது தெரியவே தெரியாது. இப்பத்தான் சொன்னேன். பக்கத்துலதான் இருக்கா."

வண்டிச் சத்தம் நின்றது.

"தம்பி" என்றாள் அக்கா.

பிறகு, "நெஜமாவே நீ சொல்லலயாம்மா?" என்று கேட்டான். அவன் குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது.

"உன்னப் போன்னு நான் சொல்லுவேனாடா?"

"அப்ப ஏம்மா வரல?"

"எங்கடா வர்றது? எந்த ஊருன்னே சொல்ல மாட்டேன்னுட்டியே."

"நான் சொல்லலயா? மொத வாரமே அப்பாகிட்ட அட்ரஸ் குடுத்தேனேம்மா. அம்மாகிட்ட குடுங்க, கோவம் தீந்தா வந்து பாக்கட்டும்னு சொன்னேன். போன்ல நீயும் போடான்னுடுவியோன்னுதான் எடுக்கல. ஞாயித்துக்கெழம ரூம்ல எல்லாரும் வெளில போவாங்க. நீ வந்தா பூட்டியிருக்கக் கூடாதேன்னு நான் போறதில்ல. இன்னும் போறதில்ல."

அக்கா கணவனைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ அங்க போனா அவன் சொல்லிடுவான்ல" என்றார் மாமா. இத்தனை நாளில் அவர் அவளிடம் யோசிக்காமல் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் போனைக் கையில் எடுத்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள். "எங்க இருக்க, சொல்லு" என்றாள். அவன் சொல்லச் சொல்ல, தெருப் பெயரையும் எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்பதையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "வேல முடிஞ்சு அங்கேயே இரு. வரேன்... இன்னிக்குத்தான். மழ பெஞ்சா பெய்யட்டும். சாப்பிட்டியா? சரி, வை."

போனை மேஜைமேல் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள். அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். மாமாவும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நானும் வரேன்."

"நீங்க இருங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வெளில உங்களுக்கு ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

வாசலில் என் தோளைத் தொட்டு, "விசிறிகிட்ட ஈரப் புத்தகம் இருக்கு, தாள் மாத்திடுடி. மேடத்துக்கு அது தெரியாது" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து போனாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

மாமா நின்றபடியே இருந்தார். நான் மணியை அடித்தேன், வேறு என்ன செய்வது? அடுத்து வந்தவள் முதலாம் ஆண்டுப் பெண். தலையெல்லாம் நனைந்திருந்தது. அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மாமாவும் உட்கார்ந்தார்.

"அங்கிள், நீங்க மனசு விட்டுப் பேசுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள் அவள்.

அவளுக்கு உரிய நேரம் முடிகிறவரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.